என்ஜினுக்குக் காட்டிய சூடம்

வளைகுடாவில் ஒரு படகுப் பட்டறையில் நான் பார்த்த வேலையை ஊரில் யாருக்கும் விளங்கவைக்க முடிந்ததில்லை. பணக்காரர்கள் விடுமுறையில் கடலில் சுற்றுகிற சின்னப் பெட்ரோல் படகுகள் அங்கே பழுதுக்கு வரும். அவற்றின் டேங்கு, குழாய், இணைப்புகள் எல்லாம் விதிப்படி இருக்கின்றனவா என்று பார்ப்பேன். இல்லையென்றால் தண்ணீரில் இறக்க விடமாட்டேன். "குத்தம் கண்டுபிடிக்கிறதுக்கா மாப்ள சம்பளம் தாராக?" என்று அக்காவின் கணவர் கேட்பார். ஆமாம், அதற்குத்தான் தந்தார்கள்.

நான் வேலையை முடித்துக்கொண்டு பாளையம்பட்டிக்கே திரும்பியபோது, அந்த மச்சானே ஒரு படகு, எங்கள் ஊர்ப் பேச்சில் போட்டு, வாங்கி வைத்திருந்தார். சிரிக்காதீர்கள். திருச்சுழிப் பக்கம் அவருக்கு ஒரு பழைய கல்குவாரிப் பள்ளம் உண்டு. நல்ல மழையில் அது நிரம்பி, மதுரையிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து படம் பிடித்துக்கொண்டு போக, மச்சானுக்குப் படகுச் சவாரி விடுகிற யோசனை பிறந்துவிட்டது. கேரளாவிலிருந்து ஒரு பழைய பெட்ரோல் போட்டை லாரியில் கொண்டுவந்தார். அது வந்து சேர்வதற்குள் பள்ளம் பாதி வற்றிவிட்டது. அடுத்த மழைவரைக்கும் போட்டு பருத்திக் கொட்டகையில் கிடந்தது.

என்னைக் கூப்பிட்டு அவர் அதைக் காட்டவில்லை. காட்டினால் நொட்டை சொல்வேனாம். தண்ணீர் மறுபடி ஏறியதும் திறப்புக்கு மட்டும் அழைப்பு வந்தது.

ஷேர் ஆட்டோவில் போய் இறங்கினேன். சொந்தக்காரர்கள் கூடியிருந்தார்கள். போட்டின் மூக்கில் மாலை. எலுமிச்சம்பழம் வைக்கச் சக்கரம் இல்லாததால் அதையும் மாலையோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். அக்காவின் பேரப்பிள்ளைகள் இரண்டும் முன்பலகையில் ஏற்கெனவே உட்கார்ந்தாயிற்று. முதல் சுற்று அவர்களுக்குத்தான்.

எங்கள் பக்கம் டிராக்டரோ பைக்கோ எது வாங்கினாலும் என்ஜினுக்குச் சூடம் காட்டாமல் எடுக்க மாட்டோம். அக்கா கரையிலேயே சூடத்தை ஏற்றி, தட்டோடு போட்டுக்குள் கால் வைத்தாள். நான் பின்னாலேயே ஏறினேன். மச்சான் குனிந்து என்ஜின் அறையின் மூடியைத் தூக்கினார்.

வாசம் முகத்தில் அடித்தது. பெட்ரோல் பங்கில் வருகிற வாசம் இல்லை. ரொம்ப நாள் மூடிவைத்துப் புழுங்கிய வாசம். அக்கா தட்டைச் சுற்றியபடி குனியப் போனாள். தட்டைப் பிடுங்கித் தண்ணீரில் எறிந்தேன்.

சூடம் புஸ்ஸென்று அணைந்தது. அப்புறம் அக்காவின் மாமியார் கரையிலிருந்து, "நல்ல நாளும் அதுவுமா வெளிச்சத்த அணைச்சுட்டானே, பாவி" என்று அழ ஆரம்பித்தார். மச்சான் என் சட்டையைப் பிடித்தார்.

"பிள்ளைகளை இறக்குங்க முதல்ல!" என்று நான் போட்ட சத்தத்தில் பிள்ளைகளும் அழுதன. அவர்களைத் தூக்கிக் கரையில் விட்டேன். பயந்துபோனேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

"பெட்ரோல் வாடை அடிக்காத வண்டி எங்கலே இருக்கு?" என்றார் மச்சான். நியாயமான கேள்விதான். வண்டியில் ஒழுகினால் ரோட்டில் சொட்டும், காற்று கொண்டுபோய்விடும். போட்டுக்கு அடியில் ஓட்டை கிடையாது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. அடிப்பள்ளத்தில் போய்த் தங்கும். அதற்காகத்தான் என்ஜின் அறைக்குக் காற்றுப் போகவர வழி வைக்க வேண்டும், கிளப்புவதற்கு முன்னால் சில நிமிஷம் ஆவியை வெளியே தள்ளும் காற்றாடியை ஓடவிட வேண்டும் என்றெல்லாம் விதி போட்டிருக்கிறார்கள்.

அந்த வழியைத் தேடினேன். பக்கவாட்டில் இருந்த காற்றுத் துவாரங்கள் எல்லாவற்றிலும் பருத்தி அடைத்திருந்தது. கொட்டகையில் புழுதி ஏறும் என்று மச்சானே பார்த்துப் பார்த்து அடைத்தாராம். டேங்கு மூச்சுவிடுகிற குழாயிலும் பருத்தி. "வெயிலு பெட்ரோலைக் குடிச்சிருதுப்பா" என்றார். அதைப் பிடுங்கியதும் புஸ்ஸென்று சீறியது. வெளியே போக வழியில்லாத ஆவி உள்ளே முட்டி, குழாய் இணைப்பு வழியாகப் பெட்ரோலை அடித்தட்டில் கசியவிட்டிருந்தது. குழாயும் பெட்ரோலுக்கு ஆனதில்லை, தோட்டத்து டியூப். போதாக்குறைக்கு டவுனு மெக்கானிக் என்ஜினைக் கிளப்பப் பழைய காரின் செல்ஃப் மோட்டாரைப் பூட்டியிருந்தார். அது பொறி தட்டும். படகுக்கென்று பொறி வெளியே வராமல் மூடிய மோட்டார் தனியாக உண்டு. சூடம் தப்பியிருந்தாலும் சாவியைத் திருப்பியிருந்தால் போதும், ஆவி பற்றிப் போட்டே வெடித்திருக்கும்.

இதையெல்லாம் கத்திக் கத்திச் சொன்னேன். மெதுவாகச் சொல்ல எனக்கு வராது. யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. எதுவும் நடக்கவில்லையே! நடக்காத ஒன்றை எப்படிக் காட்டுவது? சூடத்தை அணைத்தது மட்டும் எல்லார் கண்ணிலும் நின்றது. அக்கா என் பக்கம் திரும்பாமல் வீட்டுக்குப் போனாள். கல்யாணம், காதுகுத்து எங்கே போனாலும், "இவருதான அவரு" என்று என்னைக் காட்டினார்கள். ஆத்திரமாக வந்தது. அக்கா பேசாதது மட்டும் வலித்தது.

மச்சான் வாய் பேசினாலும் பயந்துவிட்டார். கொச்சியிலிருந்து சரியான குழாயும் மோட்டாரும் காற்றாடியும் தருவித்தார். நானே பூட்டினேன். அடித்தட்டைக் கழுவிக் காயவைத்து, டேங்கில் காற்றை ஏற்றி, இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்த்தேன். பட்டறையில்கூட அத்தனை தடவை பார்த்ததில்லை.

மறுபடி நாள் குறித்தார்கள். இந்த முறை அக்கா தட்டோடு போட்டுப் பக்கமே வரவில்லை. எட்டத்தில் ஒரு பாறைமேல் சூடத்தை ஏற்றி, அங்கிருந்தே மூன்று சுற்றுச் சுற்றினாள். சூடம் முழுக்க எரிந்து தானாக அணையும்வரை நின்றாள். அப்புறம் வெறும் கையோடு வந்து, திறந்திருந்த என்ஜின் அறைக்குமேல் குனிந்து மூச்சை இழுத்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"நீயும் ஒருக்கா மோந்து பாரு தம்பி. நீ சொன்னாத்தான் பிள்ளைகள ஏத்துவேன்."

குனிந்து பார்த்தேன். புதுக் குழாயின் ரப்பர் வாடை மட்டும்தான் இருந்தது. பட்டறையில் எத்தனையோ படகுகளை இறக்கலாம் என்று சொல்லியிருக்கிறேன். அன்று இன்னொரு தடவை முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையை மட்டும் ஆட்டினேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு முதலில் ஏறினாள். ஏறிவிட்டுப் பிள்ளைகளைக் கொடுக்கச் சொல்லி இரண்டு கைகளையும் நீட்டினாள்.