நரிக்கல் கரடும் ஒரு கன்னடச் சொல்லும்

அக்பர் பாஷா பெயின்டர்தான். என்ன பெயின்டர் என்று கேட்டால்தான் விழிப்பார். ஓசூரில் மின்சாரப் பெட்டிகள் செய்யும் கம்பெனி ஒன்றில், முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு நாள் முழுக்க ஸ்ப்ரே கன்னால் சாம்பல் நிறம் அடிப்பது அவர் வேலை. எண்பதுகளின் நடுவில் அப்படி ஒரு நிரந்தர வேலை கிடைப்பது குதிரைக் கொம்பு. கிடைத்தவர், பெட்டிக்குப் பெயின்ட் அடித்தோமா, வீடு போய்ச் சேர்ந்தோமா என்று இருந்திருக்கலாம். அக்பர் பாஷாவுக்கு அது போதவில்லை. எது போதவில்லை என்பதும் அவருக்குத் தெரியவில்லை.

வினை பஸ்ஸில் வந்தது. குருபரப்பள்ளிக்குப் பக்கத்தில் அவர் வீடு. வாசலில் நின்றாலும் ஓசூர் பஸ்ஸில் உட்கார்ந்தாலும் கண்ணில் படுவது நரிக்கல் கரடு. சீத்தாப்பழப் புதர் மண்டிய சின்னப் பாறைக் குன்றுதான்; யாரும் அதைத் திரும்பிப் பார்த்ததில்லை. கிரானைட்டுக்காக வெட்ட ஆரம்பித்ததும்தான் அதன் வயிறு வெளியே தெரிந்தது. வெள்ளை, ரோஸ், கறுப்பு என்று வரிவரியாகச் சுழித்துக்கொண்டு கிடந்தது. பக்கத்து சீட்டில் இருந்த குவாரி இன்ஜினீயர், "இதெல்லாம் ஒரு காலத்துல வெல்லப்பாகு மாதிரி இளகி வளைஞ்சதுங்க" என்றார். கல்லாவது, இளகுவதாவது! அக்பர் பாஷா சிரித்துவைத்தார். ஆனால் அன்றைக்குப் பெட்டியில் வழிந்த பெயின்டைத் துடைக்கப் போனவர் துடைக்காமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

வேலை முடிந்ததும் கன்னின் கோப்பையில் மிஞ்சியதைக் கீழே கொட்டிவிட்டுக் கழுவ வேண்டும். அதுதான் வழக்கம். அவர் அதைப் பேக்கிங் பெட்டியின் உடைந்த பலகையில் கொட்டினார். அடிப்பூச்சுக்கு வைத்திருந்த செம்மண் நிறத்துப் பிரைமரை மேலே விட்டார், வெள்ளையை விட்டார், பலகையைச் சாய்த்தார். காலி கன்னின் காற்றை மட்டும் அடித்து ஈரப் பெயின்டை நெளிய விட்டார். மரமும் இல்லை, மனுஷனும் இல்லை, எதைப் போலவும் இல்லை. அது கரட்டின் உள்பக்கம் என்பது அவருக்கு மட்டும் தெரிந்தது. வெளியே சொன்னால் பைத்தியம் என்பார்கள். அதனால் வாயைத் திறக்கவில்லை.

அந்த நேரம் பார்த்து மேனேஜர் பசவராஜ் வந்தார். கன்னடக்காரர், அதிகம் பேசாதவர். பலகையை உற்றுப் பார்த்து, "ஏனப்பா இது? பரீ கலெ!" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அக்பர் பாஷாவுக்கு உள்ளங்கால் தரையில் பாவவில்லை. அவருக்குத் தெரிந்த சந்தைக் கன்னடத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான்: சுத்தமான கலை! படித்தவர் வாயால் வந்த சொல். அன்றிலிருந்து வெடி வைத்துக் கரட்டில் புதிதாக ஒரு முகம் திறக்கும்போதெல்லாம் ஒரு பலகை போட்டார். ஒவ்வொரு வெடிக்கும் அவருக்கு யாரையாவது திட்டத் தோன்றியது. ஆனால் யாரைத் திட்டுவது? மச்சான் அதே குவாரியில்தான் கூலிக்குப் போனான். திட்டவும் முடியாமல், சும்மா இருக்கவும் முடியாமல் பெயின்டைக் கொட்டினார்.

பலகைகள் வீட்டுக்கு வந்தன. மனைவி முனவர் பேகம், "என்னாங்க இது?" என்று கேட்டாள். "தெரியல முனவரு" என்றார். முழுப் பொய்யும் இல்லை. அவள் அவற்றைக் குளிக்கிற இடத்துக்கு மறைப்பாக நிறுத்திக்கொண்டாள்.

இப்படி வருஷங்கள் ஓடின. கரடு பாதியாயிற்று, அப்புறம் காலாயிற்று, கடைசியில் பள்ளமாயிற்று. ஒருநாள் சோதனைப் பிரிவுக்குப் புதிதாக வந்த நாராயணப்பன் ஒரு பெட்டியைத் தள்ளிவைத்து, "இதுல கலெ இருக்குது பாய், திருப்பி அடிங்க" என்றான்.

"பெட்டியில ஏதுப்பா கலை?"

"அய்யோ பாய், கன்னடத்துல கலென்னா கறை. வடுவுக்கும் அதான்."

"அப்ப நம்ம கலைக்கு என்னா சொல்வாங்க?"

"அதுக்கும் கலெதான்."

அக்பர் பாஷா கன்னைக் கீழே வைத்தார். மேனேஜர் சொன்ன 'பரீ கலெ' எது? சுத்தமான கலையா, வெறும் கறையா? மறுநாள் துணிந்து அவர் அறைக்குப் போனார். "சார், அன்னைக்கு என் பலகையப் பாத்து என்னமோ சொன்னீங்களே..."

பசவராஜ் கண்ணாடியைக் கழற்றினார். "எந்தப் பலகை?"

இவர் இவ்வளவு வருஷமாக நெஞ்சில் வைத்திருந்த சொல்லை, சொன்னவர் அன்றைக்கே மறந்திருக்கிறார். அக்பர் பாஷாவுக்கு வெட்கமாக இருந்தது. தன் மேலேயே ஆத்திரமாகவும் வந்தது. கேட்டே இருக்கக் கூடாது என்று தோன்றியது. கேட்காமல் எப்படி இருப்பது என்றும் தோன்றியது.

அடுத்த விடுமுறை நாளில் கடையில் ஒரு டப்பா சாம்பல் பெயின்டும் பிரஷும் வாங்கி வந்து, கைக்கு வந்த பலகையைப் படுக்கப்போட்டுப் பூச ஆரம்பித்தார். பாதி பூசுவதற்குள் முனவர் ஓடிவந்து கையைப் பிடித்தாள்.

"என்னாங்க பண்றீங்க?"

"எல்லாம் கறையாம். ஒரே கலரா அடிச்சி ஆட்டுக் கொட்டாய்க்குக் கதவு போட்டுடலாம்."

"நல்லா இருக்குது. கரட்ட அவங்க அங்க வெடி வெச்சி அழிச்சாங்க. நீங்க இங்க உக்காந்து அழிங்க. அப்புறம் நான் எங்க போய்ப் பாக்கறது?"

அக்பர் பாஷா நிமிர்ந்தார். "இது கரடுன்னு உனக்கு யாரு சொன்னது?"

"யாரு சொல்லணும்? நான் சீத்தாப்பழம் பறிச்ச எடம் எனக்குத் தெரியாதா? இதான் சுனைக்கு மேல இருந்த பாறை. வெள்ளையா வழியுது பாருங்க."

அவர் சுனையை வரையவில்லை. அந்தப் பலகையில் என்ன நினைத்தார் என்பதே ஞாபகமில்லை. மிஞ்சினதைக் கொட்டிச் சாய்த்தார், அவ்வளவுதான். அவள் காட்டிய பிறகு பார்த்தால் சுனை இருந்தது. தான் போட்டதா, தானாக வந்ததா? புரியவில்லை. திரும்பி வெளியே பார்த்தார். வாசலுக்கு நேரே, கரடு நின்ற இடத்தில் பச்சைத் தண்ணீர் தேங்கிய பெரிய பள்ளம்தான் தெரிந்தது.

முனவர் கந்தல் துணியை மண்ணெண்ணெயில் நனைத்து வந்து சாம்பல் பெயின்டை அழுத்தித் துடைத்தாள். சாம்பல் கொஞ்சம் வந்தது. அதோடு அடியில், குளியல் தண்ணீர் பட்டு உரியத் தொடங்கியிருந்த வெள்ளையும் துணியில் ஒட்டிக்கொண்டு வந்தது. "அய்யோ, இது வேற வருதே" என்று இன்னும் வேகமாகத் தேய்க்கப் போனாள்.

அவர் துணியைப் பிடுங்கிக்கொண்டார்.

"வுடு முனவரு, சாம்பல் இருந்தா இருக்கட்டும். இன்னும் தொடச்சா இருக்கற கரடும் போயிடும்."