வலியை ஒழிக்கும் திட்டம்

புதுச்சேரி கடற்கரைச் சாலை ஓட்டல் ஒன்றில், வலி மருத்துவர் சங்கம் உலகத்து வலியை ஒழிக்கத் திட்டம் போடுகிறது. நானும் அந்தச் சங்கத்து ஆள்தான். என்னை ஏற்றிவந்த ரெட்டியார்பாளையத்து ஆட்டோக்காரர், விஷயம் தெரிந்ததும் வண்டியை ஓரங்கட்டிவிட்டு என்னோடு உள்ளே வருகிறார். அவர் மனைவிக்கு எலும்பில் புற்றுநோய்.

"வலில ராவெல்லாம் அழுவுறா சார். மார்ஃபின் மாத்திரை எந்தக் கடையிலயும் இல்லன்றாங்க. நீங்க குடுப்பீங்களா?" என்று சங்கச் செயலாளரைக் கேட்கிறார்.

செயலாளர் உருகிப்போகிறார். "கவலைப்படாதீங்க. அது எல்லாருக்கும் கிடைக்கணும்னு திட்டத்துலயே போட்டிருக்கோம். பத்து வருஷத்துல வந்துடும்."

"அதுவரைக்கும் அவ இருக்கணுமே சார்."

அதற்குள் மேடையில் சலசலப்பு. நாற்காலி சரியில்லாமல் தலைவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டதாம். மருத்துவர்கள் ஆளுக்கொரு மாத்திரையுடன் ஓடுகிறார்கள். செயலாளர்தான் முதலில் போய்ச் சேருகிறார்.