ராவுத்தர் கடையைப் பற்றி நான் எழுதாமல் விட்டது

சென்ற செவ்வாய்க்கிழமை முற்பகல், சைதாப்பேட்டைக் கோர்ட்டு வராந்தாவில் ஒரு நில வழக்கின் தீர்ப்பைப் பத்திரிகைக்கு எழுதக் காத்திருந்தேன். பருத்திப்பட்டு முனுசாமி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். ஏரியை ஒட்டி நிலம் வைத்திருக்கும் விவசாயி. என்னைத் தேடி இத்தனை தூரம் வருகிற ஆள் இல்லை. மேல்துண்டைக் கையில் சுருட்டி வைத்திருந்தார்.

“ராவுத்தரு பூட்டாருங்க ஐயா. காலைல தொழுதுட்டு வந்து கடையாண்ட குந்தினாராம். அப்டியே சாஞ்சிட்டாராம்.”

தீர்ப்பைக் கேட்காமலே அவருடன் புறப்பட்டேன். நாங்கள் பூந்தமல்லி போய்ச் சேர்ந்தபோது மண் போட்டு முடித்துவிட்டு எல்லோரும் திரும்பிக்கொண்டிருந்தார்கள். கடைசியாக ஒருமுறை முகத்தைப் பார்க்க எனக்குக் கொடுத்துவைக்கவில்லை.

பூந்தமல்லிக் கடைத்தெருவில் துப்பாக்கிக் கடை வைத்திருந்த காசிம் ராவுத்தரை இதைப் படிக்கும் பலருக்கும் தெரியும். பயிரைக் காக்க லைசென்சு வாங்கியவர்கள், ஏரியில் வாத்து சுடப் போனவர்கள், ரிப்பேருக்கு வந்தவர்கள் என்று எத்தனையோ பேர் அந்தக் கடையின் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறீர்கள். கடைசி நாலு வருஷமாகத் துப்பாக்கி வாங்க அதில் யாரும் உட்காரவில்லை. ஏன் என்பதும் உங்களுக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். தெரியாது.

அவரை எனக்கு அறிமுகம் செய்துவைத்தது வேறொரு கடை. போருக்கு முன், முனுசாமிக்கு லைசென்சு கிடைத்ததும் மவுண்ட் ரோடில் ஒரு பெரிய கடைக்குப் போனார். பயிர்ச் சேதம் பற்றி எழுதிக்கொண்டிருந்த நானும் கூடப் போனேன். செருப்பை வாசலில் விடச் சொன்னார்கள். விட்டார். உள்ளே நாற்காலிகள் காலியாக இருந்தும் அவரை நிற்க வைத்தார்கள். குமாஸ்தா லைசென்சை இரண்டு விரலால் வாங்கிப் பார்த்தார். நாட்டுத் துப்பாக்கி ஒன்றை எடுத்துக் கண்ணாடி மேஜைமேல் தள்ளினார். குழாயின் வாய் வழியாக மருந்தும் ரவையும் போட்டுக் கம்பியால் கெட்டிக்கிற சாதாரணத் துப்பாக்கி அது.

“உள்ள இன்னா கீதுன்னு பாக்கலாங்களா?” என்று முனுசாமி கேட்டார்.

“பாத்து உனக்கு என்ன புரியப் போகுது? எடுத்தா எடு, இல்லேன்னா நட.”

எடுத்துக்கொண்டு வந்தோம். ஒரு வாரத்தில் அதன் விசை நிற்காமல் நழுவத் தொடங்கியது. திருப்பிக் கொண்டுபோனபோது அதே குமாஸ்தா தலையை நிமிர்த்தாமல், “வித்தது வித்ததுதான்” என்றார்.

வீடு திரும்பும் வழியில் பூந்தமல்லியில் இறங்கினோம். ராவுத்தர் முதலில் எங்கள் இருவரையும் உட்காரச் சொன்னார். டீ வரவழைத்தார். துப்பாக்கியை மடியில் கிடத்திக் கட்டையையும் குழாயையும் பிரித்தார். கட்டைக்குள் மறைந்திருந்த இடத்தில், குழாயின் அடியில், விரல் நீளத்துக்கு ஒரு விரிசல். அதன்மேல் எதையோ பூசி மெழுகியிருந்தார்கள்.

“இத எத்தினி வாட்டி சுட்ட?”

“ரெண்டு வாட்டி பாய்.”

“மூணாவது வாட்டி சுட்டிருந்தா டீ கிளாஸ நான்தான் உன் வாயாண்ட புடிக்கணும்.” சிரித்தபடிதான் சொன்னார். அவர் கை மட்டும் விரிசலை விட்டு நகரவில்லை. “தெரிஞ்சே வித்துகீறான். நம்ம தொழில்ல இது கொல.”

அந்தக் குழாயை ஒரு வண்டிப்பட்டறைக்கு எடுத்துப் போய், தம் கண் முன்னாலேயே இரண்டு துண்டாக வெட்டச் சொன்னார். பிறகு வேறு துப்பாக்கி காட்டும்படி முனுசாமி கேட்டார். “காட்றேன். ஆனா இன்னிக்குத் தரமாட்டேன். சம்சாரத்த இட்டுகினு வா” என்றார் ராவுத்தர்.

அதுதான் அவர் கடையின் வழக்கம். துப்பாக்கி வாங்குகிறவனின் வீட்டிலிருந்து ஒரு பெண் கடைக்கு வந்தாக வேண்டும். மனைவியோ தாயோ அக்காவோ, யாராக இருந்தாலும் சரி. இதைச் சட்டம் கேட்கவில்லை, அவர் கேட்டார். காலியான குழாய் ஒன்றையும், மருந்தும் ரவையும் போட்டுக் கெட்டித்த குழாய் ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்துவார். கெட்டித்ததில் நெருப்புப் பிடிக்க வழி இருக்காது; அதைத் தானே அடைத்து வைத்திருப்பார். கெட்டிக்கிற இரும்புக் கம்பியை அந்தப் பெண்ணின் கையில் கொடுத்து இரண்டிலும் ஒவ்வொரு முறை நழுவவிடச் சொல்வார். காலிக் குழாயில் இரும்பின்மேல் இரும்பு விழுந்து கணீரென்று கேட்கும். மற்றதில் தொப்பென்று அடங்கிவிடும்.

“சுடுறது அவுரு. ஊட்டப் பெருக்கறது, சுவத்தத் தொடைக்கறது, மூலைல கீறத எடுத்து அப்பால வெக்கறது நீதானே தாயி? உன் காதுக்குத் தெரிஞ்சாத்தான் இது உன் ஊட்டுக்கு வரலாம்.”

முனுசாமியின் மனைவி கம்பியை மூன்று முறை போட்டுப் பார்த்துவிட்டு, “இவுரு தலையிலயும் ஒருவாட்டி தட்டிப் பாக்கறேன் பாய், உள்ள எதுனா கீதா காலியான்னு” என்றாள். கடையே சிரித்தது. ராவுத்தர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அதுக்கு லைசென்சு வேணாம், போட்டுப் பாரு” என்றார்.

போர் வந்தது. ஆவடியில் பட்டாள முகாம் எழுந்தது. லாரிகள் கிளப்பும் புழுதி கடைத்தெரு வரைக்கும் வந்தது. ஒரு நாள் முகாமுக்குச் செங்கல் அனுப்பும் கான்டிராக்டர் ஒருவர் காரில் வந்து இறங்கி, உடனே ஒரு துப்பாக்கி வேண்டும் என்றார். வழக்கம்போல் ராவுத்தர் உட்காரச் சொன்னார்.

“நான் யாருன்னு தெரியுமா?”

“தெரியாது. அதனாலதான் உக்காரச் சொல்றேன். தெரிஞ்சிகினு தர்றேன்.”

கான்டிராக்டர் மவுண்ட் ரோடுக்கே போனார். அங்கே குமாஸ்தா எழுந்து நின்று கும்பிட்டதாகப் பிறகு ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். ராவுத்தருக்கு அதில் வருத்தமே இல்லை. “துப்பாக்கி விக்கறவன் கும்புடு போடக் கூடாது, கேள்வி கேக்கணும்” என்று என்னிடம் சொன்னார்.

கான்டிராக்டருக்கு வளையாதவர் எனக்கு வளைந்தார். அதைத்தான் இப்போது எழுதுகிறேன்.

என் தங்கை அம்சவேணியை அண்ணனூரில் கொடுத்திருந்தோம். அவள் கணவன் நடேசனுக்கு அங்கே வேர்க்கடலைக் கொல்லை. அந்த வருஷம் காட்டுப்பன்றிகள் பாதிக் கொல்லையைக் கிளறிவிட்டன. அவன் லைசென்சு வாங்கியிருந்தான். போரை முன்னிட்டுத் துப்பாக்கி விற்பனையையே நிறுத்திவிடப் போகிறார்கள் என்று அப்போது ஒரு பேச்சு அடிபட்டது. அம்சாவோ பிள்ளை பெற்றுப் பத்து நாள். அம்பத்தூரில் என் வீட்டில் இருந்தாள். நடேசனை அழைத்துக்கொண்டு நானே ராவுத்தரிடம் போனேன்.

“தாய் வரட்டும் பேப்பர் ஐயா. நாப்பது கழிய இன்னும் முப்பது நாள்தானே?”

“முப்பது நாளில் கொல்லையே இருக்காது. விற்பனையும் இருக்குமோ என்னவோ.”

“பயிரு அடுத்த வருசமும் வரும்.”

நான் விடவில்லை. நான் அவள் அண்ணன், அவளுக்குப் பதிலாக நான் வந்திருக்கிறேன், என் வீட்டில்தான் இருக்கிறாள், இன்றைக்கே சொல்லித் தருகிறேன் என்றெல்லாம் பேசினேன். நான் பேசிப் பழகியவன். அவர் வெகுநேரம் தாடியைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு கம்பியை என் கையில் கொடுத்தார். இரண்டு குழாயிலும் போட்டேன்.

“கேட்டுச்சா?”

“கேட்டது.”

“இத அந்தப் பொண்ணு காதுல நீங்க போடணும். வாக்கு குடுங்க.”

கொடுத்தேன்.

அந்த முப்பது நாளும் அம்சா என் வீட்டில்தான் இருந்தாள். காலையில் நான் புறப்படும்போது குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருப்பாள். மாலையில் நான் திரும்பும்போது தொட்டிலை ஆட்டிக்கொண்டிருப்பாள். நான் போர்ச் செய்திகளைத் தமிழில் எழுதிக்கொண்டிருந்தேன். இந்த ஒரு சின்ன விஷயத்தைச் சொல்ல நேரம் இல்லாமல் இல்லை. நினைவு இல்லை. அதுதான் உண்மை.

பொங்கலுக்கு வெள்ளையடிக்க அம்சா அண்ணனூர் வீட்டை ஒழித்துக்கொண்டிருந்தாள். மூலையில் சாத்தியிருந்த துப்பாக்கியை வலது கையால் வாய்ப்பக்கமாகப் பிடித்து இழுத்தாள். நடேசன் அதைக் கெட்டித்து, மருந்தைப் பற்றவைக்கும் கேப் ஒன்றையும் மாட்டி வைத்திருந்தான். வெடித்தது. அவள் உயிர் பிழைத்தாள். வலது கை மணிக்கட்டோடு போயிற்று.

செய்தியை நான்தான் எழுதினேன். வேறு யாராவது எழுதுவதற்கு முன் நானே எழுதுவது நல்லது என்று நினைத்தேன். மூன்று வாக்கியம். விவரங்கள் எல்லாம் சரி. பூந்தமல்லிக் கடை ஒன்றில் வாங்கிய துப்பாக்கி என்றும் எழுதினேன். பூந்தமல்லியில் ஒரே ஒரு துப்பாக்கிக் கடைதான் இருந்தது. பெண் வராமல் தரமாட்டேன் என்று கடைக்காரர் சொன்னதை எழுதவில்லை. அவரைத் தர வைத்தது யார் என்பதையும் எழுதவில்லை.

இரண்டு நாள் கழித்துக் கடைக்குப் போனேன். பத்திரிகை அவர் மடியில் இருந்தது.

“சரியாத்தான் எழுதிகீறீங்க. துப்பாக்கி நம்ம கடையோடதுதானே.”

“நான்தான் உங்களைக் கேட்டு…”

“நீங்க கேட்டீங்க. கேக்கறவன் ஆயிரம் கேப்பான். குடுத்தது நானு.”

அதோடு அந்தப் பேச்சை முடித்துவிட்டார். நானும் முடிய விட்டேன்.

கடைத்தெரு முடிக்கவில்லை. ராவுத்தருக்குக் காசு ஆசை வந்துவிட்டது, வயதாகிவிட்டது, அஜாக்கிரதை என்றார்கள். பேப்பரிலேயே வந்துவிட்டதே என்றார்கள். ஒருநாள் பஸ் நிற்குமிடத்தில் ஒருவர் அப்படிப் பேசியபோது முனுசாமி சண்டைக்கே போய்விட்டார். “யோவ், அவுரு அப்டிக் குடுக்கற ஆளா? யாரோ பெரிய மனுசன் வந்து கய்த்துல துண்டப் போட்டுக் கேட்டுகீறான். அவன் யாருன்னு தெரிஞ்சா நானே கேப்பேன்யா, நாக்கப் புடுங்கிக்கற மாதிரி!” நான் இரண்டடி தள்ளி நின்றிருந்தேன். பஸ் வந்ததும் ஏறிக்கொண்டேன்.

அதன்பிறகு ராவுத்தர் ஒரு துப்பாக்கிகூட விற்கவில்லை. லைசென்சை யாரும் பறிக்கவில்லை, அவரே நிறுத்திக்கொண்டார். ரிப்பேர் மட்டும் பார்த்தார். துப்பாக்கி வாங்குகிறவர்கள் மறுபடி மவுண்ட் ரோடில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்கள்.

மாதம் ஒருமுறை அவர் அண்ணனூருக்கு நடந்து போவார் என்பது எனக்கு வெகுநாள் தெரியாது. அம்சாவின் மொட்டைக் கைக்கு அளவெடுத்து, தோலில் ஒரு உறை தைத்து, அதன் முனையில் கரண்டி செருகிக்கொள்ள ஒரு இரும்புப் பிடியும் வைத்துக் கொடுத்திருந்தார். “இத மாட்னா உங்க மருமவன நாலு சாத்து சாத்த வசதியா கீது மாமா” என்று அவள் புருஷனைக் காட்டிச் சொல்வாளாம். அவர் சிரிக்க மாட்டாராம். உறையை இறுக்கிக் கட்டிவிட்டு, வலிக்கிறதா என்று மட்டும் கேட்பாராம்.

ஒரு செய்தியில் பிழை நேர்ந்தால் அடுத்த நாள் திருத்தம் போடுவது எங்கள் தொழிலின் மரியாதை. நாலு வருஷம் தாமதித்து இதைப் போடுகிறேன். அம்சவேணியின் கையைக் கொண்டுபோன துப்பாக்கியைக் காசிம் ராவுத்தர் தர மறுத்தார். அவரைத் தர வைத்தவன் நான். அவளுக்குச் சொல்லித் தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டு மறந்தவனும் நான். கடைத்தெருவில் அவரைப் பற்றிப் பேசியவர்கள் இனி என்னைப் பற்றிப் பேசட்டும். முனுசாமி கேட்பதாக இருந்ததை என்னிடம் கேட்கட்டும்.

அவர் என்னிடம் விட்டுப்போனது ‘குடுத்தது நானு’ என்ற அந்த இரண்டு வார்த்தைகள். என் பங்குப் பழியையும் சேர்த்து அவற்றில் அவர் சுமந்தார். நான் சாகிறவரை அவை என் காதில் இருக்கும்.

இதை அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் அண்ணனூருக்குப் போய் அம்சாவுக்குப் படித்துக் காட்டினேன். முழுவதையும் கேட்டாள். கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். அழுவாள் என்று எதிர்பார்த்தேன். குழந்தை இழுத்த முந்தானையைச் சரிசெய்துகொண்டு, “அவுரு இருக்கறப்பவே இத எழுதியிருந்தா அவுரே படிச்சிருப்பாரே அண்ணா” என்றாள்.