சோற்றில் பிரித்த உலகம்

சத்துணவுத் திட்டம் வந்த புதிதில் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் எனக்குச் சமையல் உதவியாளர் வேலை கிடைத்தது. எட்டாம் வகுப்பு வரை படித்திருந்தேன். நாலு பேர் இருக்கும் இடத்தில் வாய் திறக்க மாட்டேன். பிள்ளைகளிடம்கூட "போதுமா?" என்று கண்ணால்தான் கேட்பேன்.

அந்தத் தை மாதம் ஊர் இரண்டாகக் கிடந்தது. அறுவடைக் கூலியைக் கூட்டிக் கேட்டு ஆட்கள் வயலில் இறங்கவில்லை. மிராசுதார்கள் வெளியூரிலிருந்து லாரியில் ஆட்களைக் கொண்டுவந்து இறக்கினார்கள். வாய்க்கால் பாலத்தருகே போலீஸ் வேன் நின்றது. தெற்குத் தெருவில் பல வீடுகளில் அடுப்பு எரியவில்லை. அந்தத் தெருப் பிள்ளைகளுக்கு நாங்கள் போடும் மத்தியானச் சோறுதான் அன்றைய சாப்பாடே.

ஐந்தாம் வகுப்பு வாத்தியார் திருவாரூரிலிருந்து பஸ்ஸில் வருவார். சின்ன வயசு, நல்ல மனசு. அன்றைக்குக் கரும்பலகையில் பெரிய வட்டம் ஒன்று போட்டிருந்தார்.

"உலகம் பூரா ஒரு வருஷத்துல விளையறது, செய்யறது அத்தனையையும் ஒரே களத்துல குவிச்சாச்சுன்னு வச்சுக்குங்க. அதுல எந்த நாட்டோடது எவ்வளவு?"

அமெரிக்காவுக்குக் கால்வாசி வட்டத்தைக் கோடு போட்டுப் பிரித்தார். இந்தியாவுக்கு வந்தபோது வெள்ளரிப் பிஞ்சைச் சீவினது போல ஒரு கீற்று. பிள்ளைகள் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவருக்கு அது போதவில்லை போலிருக்கிறது. வெளியே வந்து என்னைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, சோறு ஆச்சா? அண்டாவோட கொண்டாங்க."

சமையற்காரம்மா அன்றைக்கு வரவில்லை. கேட்க ஆளில்லாமல் நானே கொண்டுபோனேன். வாத்தியார் ஜனத்தொகைக்குத் தக்கபடி பிள்ளைகளைப் பிரித்து உட்காரவைத்தார். அமெரிக்கா என்று மூன்று பேர். இந்தியா என்று சுவரோரம் ஒரு கூட்டம். மற்ற நாடுகள் நடுவில். தரையில் வாழை இலைகளைப் போட்டு, வட்டத்தில் இருந்த கணக்குப்படியே சோற்றைக் குவிக்கச் சொன்னார்.

எனக்குக் கை ஓடவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார். "பத்து நிமிஷம்தாம்மா. அநியாயம் சார்னு கத்துவாங்க. அப்ப விளக்கம் சொல்லிட்டு எல்லாத்தையும் திரும்பக் கலந்துடலாம்."

அமெரிக்காவின் இலையில் மலை மாதிரி சோறு. இந்தியாவின் இலையில் குழந்தைக்கு ஊட்ட எடுத்து வைத்த அளவு. நானும் அவரும் காத்திருந்தோம்.

ஒருத்தரும் கத்தவில்லை.

இந்தியாவில் இருந்த ஒரு பெண் அந்தக் கொஞ்சத்தை விரலால் கோடிழுத்துப் பிரிக்க ஆரம்பித்தாள். மற்றவர்கள் தட்டை நீட்டிக்கொண்டு வரிசையில் உட்கார்ந்தார்கள். ஒரு பையன் மட்டும் கை தூக்கினான்.

"சார், நாளைக்கு நாங்க அமெரிக்காவா?"

வாத்தியாரின் முகம் வெளுத்துவிட்டது. "சரி, பாடம் முடிஞ்சுது. எல்லாத்தையும் அண்டாவுல கொட்டுங்க. சமமாப் போடுவாங்க" என்றார்.

அமெரிக்கா நகரவில்லை. அதைப் பார்த்து நடுவில் இருந்த நாடுகளும் தங்கள் இலையை விடவில்லை. மூன்று பேரும் இலையைச் சுற்றிக் கையை அணைத்துக்கொண்டார்கள்.

"இது எங்களுது சார்" என்றாள் அதில் ஒருத்தி.

"பாடத்துக்காகத்தான்டா கண்ணு குடுத்தது."

"நீங்கதானே குடுத்தீங்க. நாங்க என்ன திருடுனோமா? அவங்களுக்கு வேணும்னா எங்ககிட்ட வந்து கேக்கட்டும்."

எதிரே சுவரோரம் உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவன் அவளுடைய சித்தப்பா மகன். இரண்டு வீட்டிலும் அடுப்பு எரியாத நாள் அது. "வந்து கேக்கட்டும்" என்ற பேச்சை அந்த வாரம்தான் களத்து மேட்டில் கேட்டிருந்தேன். மிராசுதாரின் நிலங்களைப் பார்த்துக்கொள்ளும் காரியக்காரர் சொன்னது. கூலியைக் கூட்டிக் கேட்டு அவர் முன்னால் நின்றவர்களில் இவளுடைய அப்பாவும் ஒருவர்.  இவள் அமெரிக்காவாக உட்கார்ந்து கால் மணி நேரம்கூட ஆகவில்லை. சோற்றைக் குவித்ததைத் தவிர நாங்கள் வேறெதுவும் செய்யவில்லை.

"ஏய், எனக்கும் கொஞ்சம் குடுடி" என்றான் சித்தப்பா மகன்.

"நேத்து பம்பரம் கேட்டேனே, குடுத்தியாடா?"

வாத்தியார் அதட்டிப் பார்த்தார், கெஞ்சிப் பார்த்தார். அவர்கள் வெறும் சோற்றை அவசர அவசரமாக அள்ளி வாயில் அடைக்கத் தொடங்கினார்கள். சுவரோரத்துத் தட்டுகள் காலியாகவே இருந்தன. இன்னும் கொஞ்ச நேரம் விட்டால் அந்தப் பிள்ளைகள் பட்டினியாக வீட்டுக்குப் போகவேண்டியதுதான்.

குழம்பைப் பிரிக்க வாத்தியார் மறந்துவிட்டார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஓடிப்போய்ச் சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றேன். அமெரிக்காக்காரி விக்கலோடு தட்டை நீட்டினாள்.

"அக்கா, குழம்பு."

"சோத்தைக் கலந்தாத்தான் குழம்பு" என்றேன்.

என் குரலா அது என்று இருந்தது. வாத்தியார்கூடத் திரும்பிப் பார்த்தார்.  மூன்று பேரும் இலையைத் தூக்கிக்கொண்டு போய்ச் சோற்றை அண்டாவில் கொட்டினார்கள். நடுவில் இருந்தவர்களும் பின்னாலேயே போய்க் கொட்டினார்கள். எல்லோருக்கும் ஒரே அளவாகப் போட்டேன். எல்லோரும் சாப்பிட்டார்கள். வாத்தியார் வட்டத்தை அழித்துவிட்டு, கையெல்லாம் சாக்பீஸ் தூளோடு ஜன்னலருகே நின்றார்.

குழாயடியில் அண்டா கழுவிக்கொண்டிருந்தபோது அந்த அமெரிக்காக்காரி வந்தாள். கோபமாக இருப்பாள் என்று நினைத்தேன். பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டு என்னை ஒட்டி நின்று, கொஞ்சலாகக் கேட்டாள்.

"அக்கா, நாளைக்கு நான் குழம்பு வாளி தூக்கட்டா?"

 அண்டா நிறைந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. குழாயை மூடக்கூடத் தோன்றாமல் அவளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.