சுலோஜனா டீச்சர் நேராக்கிய ஸ்டியரிங்

சுலோஜனா டீச்சருக்குக் கோணல் எதுவும் கண்ணில் படக்கூடாது. யார் வீட்டுக்குப் போனாலும் கதிரையில் இருப்பதற்கு முன்பே சுவரில் தொங்கும் கலண்டரை நேராக்கிவிடுவார். செத்த வீட்டில்கூட, இறந்தவரின் படத்தை இரண்டு விரலால் தட்டிச் சரிசெய்த ஆள். கிளிவெட்டியில் கணக்குப் படிப்பிக்கிறார். பிள்ளைகள் சமன் குறியைச் சரிவாகப் போட்டால், விடை சரியென்றாலும் புள்ளி குறைப்பார். நான் லக்சனா, அதே பள்ளிக்கூடத்தில் சித்திர டீச்சர். எனக்குக் கோணல்தான் சோறு போடுகிறது. ஆனாலும் நாங்கள் இரண்டு பேரும் ஒட்டிக்கொண்டு திரிவதற்கு ஒரே காரணம், அவருடைய சாம்பல் நிற மொரிஸ் மைனர் கார்; நானும் அதில்தான் பள்ளிக்கூடம் போய்வருகிறேன்.

கார் எங்கள் இருவரையும்விட வயதில் மூத்தது. அதை வாங்குவதற்கு முன்பு டீச்சர் திருகோணமலையிலிருந்து இரண்டு பஸ் மாறிப் பள்ளிக்கூடம் போனவர். ஒரு பஸ்ஸில் இடம் இருக்காது, மற்றது வரவே வராது. பன்னிரண்டு வருடம் அப்படி அலைந்த பிறகு தன் உழைப்பில் வாங்கிய கார் இது. கணவர் இராகுலன் மோட்டார் சைக்கிளில் துறைமுக வேலைக்குப் போய்விடுவார். "இது கார் இல்லை லக்சி, என்ர கால்" என்பார் டீச்சர்.

மூன்று மாதத்துக்கு முன்பு மூதூர்ப் பக்கம் ரோட்டில் ஒரு பள்ளக் கிடங்கில் காரின் முன்சில்லு 'தொம்' என்று விழுந்தது. அன்றிலிருந்து கார் நேராகப் போகும், ஸ்டியரிங் மட்டும் இடப்பக்கம் சரிந்து நிற்கும். வேறு யாரும் என்றால் கராஜுக்குப் போவார்கள். டீச்சர் இரண்டு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினார். மூன்றாம் நாள் பள்ளிக்கூடம் விட்டதும், வேப்பமரத்தடியில் ஸ்டியரிங்கைக் கழற்றி, அது மாட்டுகிற தண்டின் பற்களில் இரண்டு பல்லுத் தள்ளி, நேராகப் பூட்டிவிட்டார்! ஸ்பானர் பிடித்தது நான்தான்.

"பாத்தியே? இதுக்குப் போய் ஒரு கராஜ்காரன் வேணுமே?" என்றார். முகத்தில் அப்படி ஒரு பெருமை.

அடுத்த நாளே சிக்னலுக்குப் பைத்தியம் பிடித்தது. திரும்பி முடிந்து ஸ்டியரிங் நேரானதும் 'டிக்' என்று தானாக அணைவதுதான் அதன் வேலை. இப்போதோ வலது சிக்னல் திரும்புவதற்கு முன்பே அணைந்துவிடும். இடது சிக்னல் அணையவே அணையாது. மூதூர் தாண்டிக் கிளிவெட்டி வரைக்கும் மினுங்கிக்கொண்டே போவோம். கிண்ணியாவில், அண்ணன் என்ற முறையில் எல்லோரும் 'நானா' என்று கூப்பிடுகிற ஹிஸ்புல்லாவின் கராஜில் வேலை செய்யும் பஸ்லான் இரண்டு தரம் சிக்னல் சுவிச்சை மாற்றினார். ஒன்றும் நடக்கவில்லை.

போன செவ்வாய்க்கிழமை இராகுலனும் காரில் இருந்தார். சீனன்குடாவில் வலப்பக்கம் திரும்பும்போது சிக்னல் பாதியில் அணைய, பின்னால் வந்த உழவு இயந்திரம் ஒரு சாண் இடைவெளியில் தப்பியது. இராகுலன் டீச்சர் பக்கம் திரும்பினார்.

"சனிக்கிழமைக்குள்ள இது சரிவரவேணும். இல்லாட்டி ஞாயிறு கண்டியில இருந்து கார் வாங்க ஆள் வருது, குடுத்துப்போடுவம். எனக்குக் காரை விட நீர் முக்கியம்."

அன்றே டீச்சர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "நான் கழட்டினதை ஆருக்கும் சொன்னியோ, நாளையிலயிருந்து நீ பஸ்தான்" என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு... ஆனால் பஸ்ஸை நினைத்துப் பார்த்தேன். வாயை மூடிக்கொண்டேன்.

சனிக்கிழமை மூன்று பேருமாகக் கிண்ணியாவுக்குப் போனோம். ஹிஸ்புல்லா ஸ்டியரிங்கைக் கழற்றிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். தண்டில் ஒரு வெட்டுக்குறி, ஸ்டியரிங்கின் நடுவில் ஒரு வெட்டுக்குறி.

"இது ரெண்டும் நேருக்கு நேர் நிக்கணும் டீச்சர். சிக்னலை அணைக்கிற முளை ஸ்டியரிங்குக்கு அடியிலதான் இருக்கு. ஆரோ ரெண்டு பல்லுத் தள்ளிப் பூட்டியிருக்கான். முளை இடம் மாறிட்டு, சிக்னல் என்ன செய்யும்?" என்றவர், திரும்பிக் கத்தினார். "டேய் பஸ்லான்! சுவிச்சு மாத்தக்குள்ள நீதானே களட்டின?"

"களட்டினதுதான், நானா. இருந்த மாதிரியேதான் திரும்பப் பூட்டினன்." பஸ்லானுக்கு முகம் கறுத்துவிட்டது. இரண்டு பிள்ளைகளின் தகப்பன் அவர்.

"அப்ப அது தானா நடந்து போச்சா? நாளைக்கு வேலைக்கு வராத, போ!"

நான் நிலத்தைப் பார்த்தேன். டீச்சர் கராஜ்ச் சுவரில் கோணலாகத் தொங்கிய கலண்டரைப் பார்த்தார். தானே கழற்றி வைத்த ஆபத்து என்று தெரிந்தால் இராகுலன் காரை விட்டுவைக்க மாட்டார் என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் பஸ்லானுக்கு முன்னால் வந்து நின்றார்.

"நானா, அவரை ஏசாதேங்கோ. நான்தான் கழட்டினனான்."

இராகுலனின் கையில் பிளேன்டீக் கோப்பை அந்தரத்தில் நின்றது. "நீரா?"

"ஓம். கோணலாக் கிடந்தது. பாத்துக்கொண்டிருக்க ஏலாமப் போச்சு." கொஞ்சம் யோசித்துவிட்டு, "லக்சிதான் ஸ்பானர் பிடிச்சவள்" என்றார்.

அடிப்பாவி! நாலு நாளாக என் வாயைக் கட்டிவைத்துவிட்டுச் செய்த வேலையைப் பாருங்கள்.

ஹிஸ்புல்லா பஸ்லானின் தோளில் தட்டி, "மன்னிச்சுக்கடா" என்றார். பிறகு குறிக்கு நேராக ஸ்டியரிங்கைப் பூட்டினார். அது பழையபடி சரிந்து நின்றது. டீச்சர் முனகினார். ஹிஸ்புல்லா காரின் இரண்டு பக்கமும் நூல் இழுத்துக் கட்டி, பஸ்லானைக் கீழே அனுப்பினார். சில்லுகளைத் திருப்புகிற கம்பி ஒவ்வொரு பக்கமும் ஒன்று இருக்கிறதாம். ஒன்றைக் கொஞ்சம் குறைத்து, மற்றதை அதே அளவு கூட்ட, ஸ்டியரிங் தன்பாட்டில் நேராக வந்தது.

"இங்க குறைச்சதை அங்க கூட்டுறது. சமன்பாடு!" டீச்சர் சின்னப்பிள்ளை மாதிரிக் குதித்தார்.

"அதெல்லாம் எனக்குத் தெரியாது டீச்சர். கண்ணை நம்பப்படா, நூலை நம்பணும்" என்றார் ஹிஸ்புல்லா.

பாலம் வரைக்கும் ஓட்டிப் பார்த்தோம். வலம் திரும்பினோம், 'டிக்'. இடம் திரும்பினோம், 'டிக்'. திரும்பி வந்து இறங்கியதும் இராகுலன் ஃபோனை எடுத்தார்.

"தம்பி, நாளைக்கு வரவேண்டாம். கார் குடுக்கேல்லை... இல்லையில்லை, காரில பிழை ஒண்டும் இல்லை. பிழை விட்ட ஆளை விக்க ஏலாது."

டீச்சரின் கண் கலங்கிவிட்டது. அதை ஒருவரும் பார்க்கக்கூடாதென்று விறுவிறுவென்று சுவர்ப் பக்கம் போனார். கலண்டரைத் தொடக் கை நீட்டியவர், அப்படியே நின்றார்.

"நானா, அந்த நூலை ஒருக்காத் தாங்கோ."