அட்டையில்லாத குதிரைக் கதை

போன வருஷம் மழைக்காலத்தில், சேலத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது இது. கல்யாணம் இல்லை பிள்ளைகளே, காமிக்ஸ் திருவிழா. படக்கதைப் பைத்தியங்கள் எல்லாம் ஒரே இடத்தில் கூடுகிற நாள்.

நான் திருச்செங்கோட்டுப் பக்கம் போர் வண்டியில் வேலை செய்கிறவன். போர் வண்டி என்றால், நிலத்தைத் துளைத்து ஆழ்குழாய்க் கிணறு போடுகிற பெரிய லாரி. வருஷத்தில் பாதி நாளுக்கு மேல் வெளி மாநிலத்தில்தான் கிடப்போம். மழை பிடித்துக்கொண்டால் வேலை ஓடாது, வண்டியோடு ஊர் திரும்பிவிடுவோம். அப்படி வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தபோதுதான் ஐந்தாவது படிக்கிற என் மகள் போனைக் கொண்டுவந்து நீட்டினாள்.

"அப்பா, சேலத்துல காமிக்ஸ் திருவிழாவாமா. வேசம் போட்டுட்டுப் போனா நம்மளையே படக்கதையில வர்ற மாதிரி வரைஞ்சு தர்றாங்களாம். போலாங்ப்பா."

உடனே சரி என்று சொல்லிவிட்டேன். அவளுக்கே ஆச்சரியம். ஆனால் என் மனசில் ஓடியது வேறு. அதைச் சொல்ல வேண்டுமானால் நான் உங்கள் வயசில் இருந்த காலத்துக்குப் போக வேண்டும்.

எனக்கு ஒரே அண்ணன். பள்ளிக்கூடம் விட்டதும் அவர் ஒரு மளிகைக் கடைக்குப் பொட்டலம் மடிக்கப் போவார். பழைய புத்தகங்களை எடைக்கு வாங்கி வைத்திருப்பார்கள். அதைத் தாள் தாளாகக் கிழித்துத்தான் கடுகும் சீரகமும் மடித்துக் கொடுப்பார்கள். ஒரு நாள் அந்தக் குவியலில் ஒரு படக்கதைப் புத்தகம் இருந்திருக்கிறது. கடைக்காரரிடம் கேட்டு வாங்கி வந்துவிட்டார். அதற்கு அட்டை இல்லை. அதனால் கதையின் பேர்கூட எங்களுக்குத் தெரியாது.

மலையூருக்குத் தபால் கொண்டுபோகிற ஒரு குதிரைக்காரனின் கதை அது. வழியில் ஆற்றுக்கு மேல் ஒரு கயிற்றுப் பாலம். அவன் முன்னால் நடக்க, குதிரை பின்னால் வர மறுத்துக் கரையிலேயே நின்றுவிடும். அந்த நேரம் பார்த்துக் கெட்டவர்கள் பாலத்தை அறுத்துவிடுவார்கள். அவன் அறுந்த கயிற்றைப் பிடித்துக்கொண்டு பள்ளத்தில் தொங்குவான். கயிற்றின் மறு நுனியைக் குதிரை பல்லால் கடித்து இழுத்துப் பிடித்திருக்கும். கடைசிக் கட்டத்தில் குதிரையின் கண் மட்டும் பெரிதாக இருக்கும். அதற்கப்புறம் பக்கம் இல்லை.

"எவன் ஊட்டுச் சீரகத்தோட போச்சோ!" என்று அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டார்.

அன்றைக்கு ஆரம்பித்தது எங்கள் வழக்கு. குதிரை அவனை இழுத்து மேலே ஏற்றிவிடும் என்பது அண்ணன் கட்சி. அதெப்படி, ஒரு தடவை கனைத்தாலும் வாய் திறந்துவிடுமே, அவனாகக் கயிற்றை விட்டுவிட்டு ஆற்றில் குதித்து நீந்தித்தான் தப்பிப்பான் என்பது என் கட்சி. ஜேடர்பாளையம் அணைக்குப் போனபோது அண்ணன் குதிரையாகவே மாறிவிட்டார். துண்டைப் பல்லில் கடித்துக்கொண்டு படித்துறையில் நின்றார். நான் மறு நுனியைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் தொங்கினேன். எப்படியோ இழுத்து என்னை மேலே ஏற்றிவிட்டார். அன்றைக்குப் பூரா தாடை வலி. சோற்றைக்கூட மெல்ல முடியவில்லை. ஆனாலும் வாயைக் கோணிக்கொண்டு, "ஏத்துனனா இல்லியா?" என்றார்.

"நீ என்ன குதிரையா?" என்றேன். துரத்தித் துரத்தி அடித்தார்.

அந்தப் புத்தகம் வீட்டுக்கு ஓடு மாற்றினபோது எங்கேயோ போய்விட்டது. வழக்கு மட்டும் போகவில்லை. அண்ணன் இளம்பிள்ளைப் பக்கம் சேலைத் தறி போட்டு அங்கேயே குடியிருந்தார். பொங்கலுக்கோ நோம்பிக்கோ பார்த்துக்கொண்டால், காப்பித் தம்ளரைக் கீழே வைப்பதற்குள் குதிரை வந்துவிடும். "ஆரம்பிச்சுட்டாங்கய்யா" என்று என் வீட்டுக்காரம்மா அடுப்படிக்குள் போய்விடுவார்.

இப்படி இருந்த நாங்கள் இடையில் பேசிக்கொள்வதை நிறுத்திவிட்டோம். காரணத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். அண்ணன் மகளுக்குக் கல்யாணம். எங்கள் பக்கத்தில் நெருங்கின சொந்தத்துக்குத் தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து, வீட்டுக்குள் வந்து நேரில் பத்திரிகை கொடுக்க வேண்டும். அண்ணன் வந்த அன்றைக்கு நான் போர் வண்டியோடு வெளி மாநிலத்தில். வீட்டுக்காரம்மா தன் அம்மா வீட்டில். பூட்டின வீட்டைப் பார்த்த அண்ணன், பக்கத்து வீட்டில் பத்திரிகையைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். கூடப் பிறந்தவனைப் பக்கத்து வீட்டுக்காரர் மூலமாகவா அழைப்பது என்று எனக்கு ரோசம். கல்யாணத்துக்குப் போகவில்லை. கூடப் பிறந்தவன் பந்தலுக்கு வரவில்லையே என்று அவருக்கு ரோசம். அவ்வளவுதான். போனில் அவர் நம்பர் இருக்கும். விரல் மட்டும் போகாது.

ஆனால் காமிக்ஸ் திருவிழா என்றதும் எனக்குக் குதிரைதான் நினைவுக்கு வந்தது. எப்படியாவது அந்தப் புத்தகத்தைக் கண்டுபிடித்து, விட்டுப்போன பக்கத்தைப் படித்துவிட வேண்டும். படித்து யாரிடம் சொல்வது என்று நான் யோசிக்கவில்லை.

மண்டபத்துக்குள் நுழைந்ததும் மகள் வாயைப் பிளந்துவிட்டாள். முதுகில் போர்வை கட்டினவர், அட்டைப்பெட்டியை வெட்டிக் கவசமாகப் போட்டவர், முகத்தில் பச்சைச் சாயம் பூசினவர் என்று ஒரே கூட்டம். இவள் தானாகவே ஒரு முகமூடி செய்து மாட்டியிருந்தாள். "இது யாரு கண்ணு?" என்று கேட்டவர்களிடம் எல்லாம், "இது புதுசுங்க, இன்னும் கதை வரலீங்க" என்று பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். பழைய புத்தகக் கடைப் பக்கம் என்னைப் போன்ற நரைத்த தலைகள்தான் அதிகம். பிளாஸ்டிக் உறைக்குள் இருந்து ஒருத்தர் மெதுவாகப் புத்தகத்தை எடுத்தார். படிப்பார் என்று பார்த்தால், நடுவில் பிரித்து முகர்ந்து பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டார். எனக்கும் அந்த வாசம் வந்தது. மளிகைக் கடைக் குவியலின் அதே வாசம்.

ஒரு கடையில் கறுப்புச் சட்டை போட்ட பையன் நின்றிருந்தான். "தம்பி, பேர் தெரியாதுங்க. ஒரு குதிரைக்காரன் தபால் கொண்டுபோவான்" என்று ஆரம்பித்தேன்.

"கயித்துப் பாலம் அறுந்து போயிரும், குதிரை கயித்தைப் பல்லுல கடிச்சுக்கும். அதுதானே அண்ணா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "வச்சிருக்கீங்களா தம்பி?"

"எங்கிட்ட இல்லீங்கண்ணா. இப்பத்தான் இன்னொரு அண்ணன் இதே கதையைக் கேட்டுட்டுப் போனாரு. அவருக்கும் பேர் தெரியல, அட்டை இல்லாத புத்தகமுன்னு சொன்னாரு. குதிரை கண்டிப்பா காப்பாத்தியிருக்கும், கடைசிப் பக்கம் கிடைச்சா போதும்னாரு. நீங்க ரெண்டு பேரும் ஒண்ணா வந்தீங்களா?"

அந்தக் கதையை அப்படிக் கேட்கக்கூடிய ஆள் இந்த உலகத்தில் இன்னும் ஒரே ஒருத்தர்தான்.

"பெரியப்பாவாங்ப்பா?" என்றாள் மகள். குதிரைக் கதை அவளுக்கும் மனப்பாடம். பெரியப்பா வீட்டுக்குப் போய் எத்தனை நாளாச்சு என்று அடிக்கடி கேட்கிறவள்தான். நான் வாசல் பக்கம் பார்த்தேன். உண்மையைச் சொல்கிறேன், அப்படியே நழுவிவிடலாம் என்றுதான் தோன்றியது. எதிரில் வந்துவிட்டால் என்ன பேசுவது? நானாக முதலில் பேசினால், கல்யாணத்துக்கு வராதவன் இப்போது மட்டும் எதற்கு வந்தாய் என்று அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டால்?

"படம் வரையறவங்க இன்னும் வரலைல்ல, வா பாப்பா, இன்னொரு நாளைக்கு" என்று அவள் கையைப் பிடித்துக் கதவு வரைக்கும் வந்துவிட்டேன். அப்போதுதான் மேடையில் மைக் போட்டார்கள். இந்தத் திருவிழாவில் அது ஒரு வழக்கமாம். சின்ன வயசில் படித்த கதை நினைவிருக்கும், பேர் மறந்திருக்கும். அப்படிப்பட்டவர்கள் மேடையேறிக் கதையைச் சொல்ல வேண்டும். கூட்டத்தில் தெரிந்தவர்கள் பேரைச் சொல்வார்கள். ஒருத்தர் இரண்டு பேர் பேசினார்கள். அப்புறம் ஒரு குரல்.

"எல்லாத்துக்கும் வணக்கமுங்க. நானு இளம்பிள்ளைப் பக்கமிருந்து வாரேனுங்க."

திரும்பிப் பார்த்தேன். அண்ணன். முன்னைக்கு இளைத்திருந்தார். மைக்கைத் தறியில் நூல் பிடிப்பது போல இரண்டு விரலால் பிடித்திருந்தார். எல்லோரும் புத்தகமும் கையுமாகச் சிரித்துப் பேசுகிற இடத்தில், இவர் ஒரு படம்கூட இல்லாமல் கதையைச் சொன்னார். பாலம் ஆடுவதைச் சொல்லும்போது உடம்பும் ஆடியது. குதிரை கயிற்றைக் கடித்த இடம் வந்ததும் பல்லைக் கடித்துக் காட்டினார். மண்டபமே அமைதியாகிவிட்டது. நான் எப்போது நடந்தேன் என்று தெரியவில்லை, நாற்காலிகளுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தேன்.

"அப்பறம் பக்கமில்லீங்க. ஆனா அந்தக் குதிரை அவனைக் காப்பாத்தியிருக்குமுங்க. அதுல சந்தேகமே இல்லீங்க."

"அதெப்படீங்ணா காப்பாத்தும்? ஒரு கனை கனைச்சா வாய் தொறந்துருமே!"

கத்தினது நான்தான். யோசித்துக் கத்தவில்லை. எத்தனையோ வருஷமாகச் சொல்லிச் சொல்லிப் பழகின வாய், அதுவாகத் திறந்துகொண்டது. கூட்டம் பூராவும் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தது. அண்ணன் சிரிக்கவில்லை. மைக்கைப் பிடித்தபடி என்னையே பார்த்தார்.

"பல்லுல கயிறு இருக்கையில எந்தக் குதிரைடா கனைக்கும்? கிறுக்கு!" என்றார், மைக்கிலேயே.

மண்டபம் அதிர்ந்தது. விசில் அடித்தார்கள். "ரெண்டு பேரும் மேடைக்கு வாங்கண்ணா" என்றார் நடத்துகிற பையன். நான் போய் நின்றேன். நாங்கள் மாற்றி மாற்றிப் பேச, கூட்டத்தில் பாதிப் பேர் குதிரைக் கட்சி, பாதிப் பேர் ஆற்றுக் கட்சி.

அந்த அமளியில் முன்வரிசையிலிருந்து ஒரு அம்மா எழுந்தார். தலையில் முக்காடு, தோளில் ஒரு துணிப்பை. சேலத்தில் துணிக்கடை வைத்திருக்கிற குடும்பம் என்று அப்புறம் சொன்னார். "தம்பிங்களா, சண்டை போடாதீங்க. அந்தப் புத்தகம் எங்கிட்ட இருக்கு. எங்க அத்தா வாங்கிக் கொடுத்தது. இன்னைக்குக் கொண்டாந்திருக்கேன்" என்று உறையைப் பிரித்து எங்கள் கையில் கொடுத்தார். அத்தா என்றால் அப்பா. புத்தகத்தைத் தொடுவதற்கே பயமாக இருந்தது, அவ்வளவு புதிதாக இருந்தது.

அண்ணன் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். குதிரையின் கண். அதே கட்டம். அதன் கீழே ஓரத்தில் பொடி எழுத்தில், எங்கள் புத்தகத்தில் கசங்கித் தேய்ந்து கிடந்த இடத்தில், 'தொடரும்' என்று போட்டிருந்தது. மறுபக்கம் பின்னட்டை.

"அடுத்த மாசம் வரும், அடுத்த மாசம் வரும்னு நானும் காத்துக்கிட்டே இருந்தேன். அந்தப் பத்திரிகையே நின்னு போச்சு. மீதிக் கதை வரவே இல்ல" என்றார் அந்த அம்மா.

அண்ணன் அந்தப் பொடி எழுத்தை விரலால் தடவிப் பார்த்தார். மைக் இல்லாமல், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிக் கேட்டார்.

"அப்போ நம்ம புஸ்தகத்துல ஒரு பக்கமும் போகலியா சாமி?"

"அட்டை மட்டுந்தாங்ணா போச்சு" என்றேன்.

பாவம் அந்த மளிகைக் கடைக்காரர், எத்தனை வருஷம் திட்டியிருப்போம்! இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் அது தோன்றியிருக்க வேண்டும். சிரிக்க ஆரம்பித்தோம், நிறுத்த முடியவில்லை. அண்ணன் கண்ணைத் துண்டால் துடைத்துக்கொண்டார்.

"அண்ணன் தம்பியா நீங்க? நான் சண்டைக்காரங்கன்னுல்ல நினைச்சேன்" என்றார் அந்த அம்மா.

"சண்டைக்காரங்கதானுங்கம்மா" என்றார் அண்ணன். "பாப்பா எங்கடா?"

அவள் அதற்குள் மேடையில் ஏறிவிட்டாள். முகமூடியைக் கழற்றாமலே பெரியப்பாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

சாயங்காலம் எங்களைத் திருச்செங்கோட்டு பஸ் ஏற அவர் விடவில்லை. இளம்பிள்ளைக்குக் கூட்டிப்போனார். அண்ணி கதவைத் திறந்து, எங்களைப் பார்த்து, நேராக உள்ளே போய்க் கூடக் கொஞ்சம் அரிசி களைந்து போட்டார். அந்தக் கல்யாணப் பெண் பிரசவத்துக்கு வந்து போய், இப்போது மறுபடி வந்திருந்தது. அதன் குழந்தை எழுந்து நடக்கவே ஆரம்பித்திருந்தது. தட்டுத்தடுமாறி வந்து என் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, யார் இந்த ஆள் என்பது போல அண்ணாந்து பார்த்தது. அதைத் தூக்கினபோதுதான் எனக்கு உறைத்தது. அது குப்புற விழுந்ததையும் தவழ்ந்ததையும் நான் பார்க்கவில்லை. இனிமேல் பார்க்கவும் முடியாது.

பத்திரிகை விஷயத்தை அன்றைக்கும் பேசவில்லை, இன்றைக்கு வரைக்கும் பேசவில்லை. அண்ணன் இப்போது போனில் கூப்பிட்டால், நான் எந்த ஊரில் எத்தனை அடி துளைத்துக்கொண்டிருந்தாலும் எடுத்துவிடுகிறேன்.

பிள்ளைகளே, உங்களோடு சேர்ந்து ஒரே கதையைப் பாதி வரை படித்த ஆள் ஒருத்தர்தான் இருப்பார். மீதியை எந்தப் புத்தகத்திலும் தேட வேண்டாம், அவரோடு பேசிக்கொண்டிருந்தால் போதும் என்று எனக்கு இப்போதும் தோன்றுகிறது.