இடது பக்கம் தெரியாத கார்

ரேஸ் கார் ஒன்று கட்டப் போவதாக அத்திம்பேர் சொன்னபோது நான் மிளகாய்ப் பொடிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தேன். காதில் விழாத மாதிரி இருந்துவிட்டேன். அவர் சொல்வதில் பாதியை நான் அப்படித்தான் சமாளித்து வந்தேன்.

அவர் என் அக்காவின் கணவர். அக்கா போன பிறகு ஸ்ரீவராகத்தில் அந்த நீள வீட்டில் தனியாக இருந்தார். அடுத்த வீட்டில் நான். கல்யாணம் ஆகாதவன், சர்க்கார் ஆபீஸில் ஃபைல் பார்த்து ரிட்டயரானவன். எங்கள் தெருவில் பாங்க்காரர்கள் உண்டு, வாத்தியார்கள் உண்டு, ஆடிட்டர்கூட இரண்டு பேர் உண்டு. பஸ் டிரைவர் அவர் ஒருவர்தான். முப்பத்து மூன்று வருஷம் அரசு பஸ் ஓட்டினார். அதில் பெரும்பகுதி கிழக்கேகோட்டையிலிருந்து விழிஞ்ஞம், விழிஞ்ஞத்திலிருந்து கிழக்கேகோட்டை. அந்த ரோட்டில் அவருக்குத் தெரியாத குழி கிடையாது.

பிரச்சினையைக் கிளப்பியது நான்தான். ஒரே மாதத்தில் இரண்டு தடவை பாலை அடுப்பில் வைத்துவிட்டு மறந்துபோய்க் கோயிலுக்குக் கிளம்பிவிட்டார். இரண்டாம் தடவை பாத்திரம் கரியாகி, புகை என் வீட்டுக்குள் வந்தது. அந்த எரிச்சலில் பெங்களூரில் இருக்கும் அவர் மகளுக்கு ஃபோன் போட்டுச் சொன்னேன். வத்தி வைத்தேன் என்று சொன்னாலும் தப்பில்லை. அவள் மறுநாளே வந்து நின்றாள்.

"இனிமே நீ தனியா இருக்கவேண்டாம்ப்பா. வீட்டைப் பூட்டிண்டு என்னோட வா."

அத்திம்பேர் சண்டை போடவில்லை. ஊஞ்சல் மேல் கிடந்த பேப்பரை எடுத்து அவளிடம் நீட்டினார். பழைய ரேஸ் கார்களுக்கு ஒரு போட்டி என்று அதில் போட்டிருந்தது. அசல் கார் இல்லாதவர்கள் நகல் கட்டிக் கொண்டுவரலாம். கிழக்கேகோட்டையில் புறப்பட்டு விழிஞ்ஞத்தில் போட்டிருக்கும் முடிவுக் கோட்டில் முடிய வேண்டும். வேகத்துக்குப் பரிசு இல்லை. முக்கால் மணி நேரத்துக்கு மிக அருகில் யார் வந்து சேருகிறாரோ அவருக்கே பரிசு. சீக்கிரம் போனாலும் குறை, தாமதமானாலும் குறை.

"இதிலே நான் வண்டி கட்டி ஓட்டறேன். விழிஞ்ஞத்து முடிவுக் கோட்டைத் தாண்டிட்டேன்னா இங்கேயே இருப்பேன். தாண்டலேன்னா நீ சொன்ன மாதிரி பெட்டியைக் கட்டறேன். போறுமோ?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன். காரே கட்ட மாட்டார் என்ற தைரியத்தில் அவள் சரி என்றாள். எனக்கும் அதே தைரியம்தான் இருந்தது.

நாங்கள் இரண்டு பேரும் பாறசாலைக்காரரைக் கணக்கில் சேர்க்கவில்லை. மணக்காட்டில் டிங்கரிங் பட்டறை வைத்திருக்கும் அவர், அத்திம்பேரின் பஸ் எந்த மதிலில் உரசினாலும் டிப்போவுக்குத் தெரியாமல் தட்டிச் சரிசெய்து கொடுத்த பழைய கூட்டாளி. ஞாயிற்றுக்கிழமை சர்ச், மற்ற நாள் சுத்தியல். பட்டறைக்குப் பின்னால் கோழி அடைகாத்துக்கொண்டிருந்த ஒரு பழைய ஜீப் அவரிடம் இருந்தது. கோழியை இடம் மாற்றிவிட்டு அதன் சேசிஸையும் எஞ்சினையும் எடுத்துக்கொண்டார்கள்.

மாதிரிக்கு இருந்தது ஒரே ஒரு படம். டயர் கடைக் காலண்டரில் வந்தது. போருக்கு முந்தைய ஏதோ ஒரு வெளிநாட்டுக் கார். நீண்ட மூக்கு, கூரான வால், வெளியே துருத்திக்கொண்டிருக்கும் கம்பிச் சக்கரங்கள், பக்கவாட்டில் புகைக் குழாய். அந்தப் படத்தைப் பார்த்து அவர்கள் மூன்று மாதம் தகரம் தட்டினார்கள். வலது பக்கம் முடிந்தபோது நானே அசந்துபோனேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு ஆணியும் படத்தில் இருந்தபடி இருந்தது.

அப்போதுதான் பாறசாலைக்காரர் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"சாமி, மத்த பக்கம் என்னமாதிரி கெடக்கும்?"

படத்தில் வலது பக்கம் மட்டும்தான் இருந்தது. காலண்டரைத் திருப்பிப் பார்த்தார்கள். பின்னால் ராகு காலம் இருந்தது. இன்டர்நெட்டில் தேடலாமே என்று நான் சொன்னேன். பேர் தெரியாத வண்டியை எப்படித் தேடுவது என்று அத்திம்பேர் கேட்டார்.

"வண்டின்னா வண்டிதானே. இடது பக்கம் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதோ," என்றார். தெரிந்ததைச் செய்தார். அதாவது, பஸ்ஸின் இடது பக்கத்தைச் செய்தார். ஏற ஒரு படி, பிடித்துக்கொள்ள ஒரு கம்பி, வெளியே கை நீட்டக்கூடாது என்று ஒரு பலகை. அந்தக் காலத்து ரேஸ் காரில் டிரைவருக்குப் பக்கத்தில் மெக்கானிக் ஒருவர் உட்காருவாராம். போட்டி விதியிலும் அது இருந்தது. அந்த இடது சீட்டுக்கு மேலே இரண்டு கம்பி நட்டு, குறுக்கே ஒரு கயிறு கட்டி, கயிற்றின் நுனியில் மணி.

"மணி எதுக்கு அத்திம்பேர்?"

"பெல் இல்லாம வண்டியை எப்படி எடுக்கறது?"

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். பட்டறை வாசலில் முதல் தடவை எஞ்சின் உறுமியபோது விளங்கிவிட்டது. கிளட்சை மிதித்தார், கியர் போட்டார், நேராகப் பார்த்தபடி காத்திருந்தார். ஒரு மணி அடித்தால் நில், இரண்டு அடித்தால் போ. முப்பத்து மூன்று வருஷத்தில் அவர் கால், டபுள் பெல் கேட்காமல் ஒரு தடவைகூடக் கிளட்சை விட்டதில்லை. இப்போதும் விடவில்லை. மெக்கானிக் சீட்டில் உட்கார வேறு ஆள் இல்லாததால் நான்தான் கயிற்றை இழுத்தேன். எனக்குத் தெரிந்த மெக்கானிசம் குடை விரிப்பது மட்டும்.

போட்டிக்கு முந்தைய வாரம் பரிசோதகர் ஒருவர் வந்தார். வலது பக்கத்தைச் சுற்றி வந்தபோது கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது அவருக்கு. இடது பக்கம் வந்ததும் படியில் ஒரு காலை வைத்துப் பார்த்தார்.

"இதெந்தா சேட்டா?"

"இடத்து வசம்," என்றார் அத்திம்பேர்.

பரிசோதகர் கையெழுத்துப் போடாமலே பேனாவை மூடப் போனார். நான் குறுக்கே புகுந்து ஒரு குறிப்பு எழுதிக் கொடுத்தேன்: மேற்படி வாகனத்தின் இடப்புறம் இவ்வாறு இருக்கவில்லை என்பதற்கு ஆதாரம் எதுவும் கிடைக்கப்பெறவில்லை. இரண்டு தடவை படித்தார். கையெழுத்துப் போட்டுவிட்டார். என் சர்வீஸிலேயே ஒரு ஃபைல் அவ்வளவு வேகமாக நகர்ந்ததில்லை. அன்றைக்கு இரவு படுத்தபோதுதான் எனக்குத் தோன்றியது, நான் யார் பக்கம் வேலை செய்கிறேன் என்று. அத்திம்பேர் போய்விட்டால் அந்தத் தெருவில் நான் வாய் திறந்து பேச ஆள் கிடையாது. மகளிடம் ஃபோனில் வத்தி வைத்தபோது நான் அதை யோசிக்கவில்லை.

போட்டி நாள் காலையில் பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டுப் கிழக்கேகோட்டைப் புத்தரிக்கண்டம் மைதானத்தில் போய் நின்றோம். சுற்றிலும் பளபளவென்று பணக்காரக் கார்கள், கண்ணாடி போட்ட பையன்கள். எங்கள் வண்டி மூக்கில் சந்தனம், சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம். மகள் விழிஞ்ஞத்தில் கோட்டருகே காத்திருப்பதாக மெசேஜ் அனுப்பியிருந்தாள். கொடி இறங்கியது. பதற்றத்தில் நான் ஒரே ஒரு தடவை இழுத்துவிட்டேன். அத்திம்பேர் பிரேக்கை இன்னும் அழுத்தினார். எல்லாரும் போன பிறகு நான் சுதாரித்து இரண்டாக அடித்தேன். வண்டி எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு கிளம்பியது.

அட்டக்குளங்கரை ஸ்டாப்பில் நின்றார். ஏன் என்று கேட்டேன். ஸ்டாப்பாக்கும் என்றார். மணக்காட்டில் நின்றார். அம்பலத்தறையில் நின்றார். ஒவ்வொரு இடத்திலும் நான் டபுள் பெல் அடித்தேன். ஸ்டாப்பில் இருந்தவர்கள் எங்களை ஏற இறங்கப் பார்த்தார்கள். எனக்கு மானம் போயிற்று. திருவல்லத்தில் அதற்கும் மேலே ஆயிற்று. ஒரு சக்கையை, அதாவது முழுப் பலாப்பழத்தை, அணைத்தபடி நின்றிருந்த ஒருவர் முன்னால் வந்தார்.

"விழிஞ்ஞம் போகுமோ?"

"கேறிக்கோ," என்றார் அத்திம்பேர்.

அவர் படியில் ஏறிக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். வைக்க இடமில்லாததால் சக்கையை என் மடியில் இறக்கினார். பெரிய சக்கை. தகரத்துக்கும் அதற்கும் நடுவில் என் இரண்டு கையும் மாட்டிக்கொண்டன. அதற்குப் பிறகு பெல் அடிக்கும் பொறுப்பை அவரே எடுத்துக்கொண்டார். என்னைவிட நன்றாகவே அடித்தார். கோவளம் தாண்டும்போது கடிகாரத்தைப் பார்த்தேன். முதலில் பறந்த கார்கள் எல்லாம் நேரம் போக்குவதற்காக வழியோரம் ஒதுங்கி நின்றன. அத்திம்பேர் அவற்றைப் பார்க்கவே இல்லை. நின்று நின்றே வந்தும் எங்கள் கணக்கு நிமிஷத்துக்கு நிமிஷம் சரியாக இருந்தது. அந்த முக்கால் மணி அவர் பஸ்ஸின் பழைய டிரிப் டைம் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

விழிஞ்ஞம் ஸ்டாப் முடிவுக் கோட்டுக்கு இருபதடி முன்னால் இருந்தது. நின்றார். சக்கைக்காரர் இறங்கும்போது கால் வழுக்கி, பிடிமானத்துக்குக் கயிற்றைப் பிடித்தார். மணி ஒரு தடவை அடித்தது. கயிறு அறுந்து அவர் கையோடு போயிற்று. "தா வருன்னு, அனியனெ விளிச்சோண்டு வராம்," என்று சொல்லிவிட்டு, சக்கையை என்னிடமே விட்டுத் தம்பியைத் தேடிக் கூட்டத்துக்குள் போய்விட்டார்.

"எடுங்கோ அத்திம்பேர்," என்றேன்.

"பெல் எங்கே?"

"கயிறு அறுந்து போச்சு. நான் சொல்றேனே, எடுங்கோ."

"வாயால சொன்னா எப்படிடா எடுக்கறது?"

பிடிவாதம் என்று அப்போது திட்டினேன். பிடிவாதம் இல்லை அது. அவர் முகத்தைப் பார்த்தேன். எடுக்க வேண்டும் என்று தவிக்கிறார், கால் வரமாட்டேன் என்கிறது. நெற்றியில் சந்தனம் வியர்வையில் ஒழுகியது. வெளி ஆள் தள்ளினால் போட்டியிலிருந்து விலக்கு. என்னால் கையை உருவ முடியவில்லை. சக்கை முள் குத்தியது, அழுகையும் வந்தது. முக்கால் மணியாக ஒரு நிமிஷம்தான் மிச்சம் இருந்தது.

கோட்டருகிலிருந்து மகள் நடந்து வந்தாள். ஓடவில்லை. இப்படியே நின்றால் அவள் கேட்டது கிடைத்துவிடும்; சாயங்காலமே பெட்டி கட்டலாம். இடது பக்கம் வந்தாள். படியைப் பார்த்தாள், கம்பியைப் பார்த்தாள், கை நீட்டக்கூடாது என்ற பலகையைப் படித்தாள். சின்ன வயதில் லீவு நாட்களில் அப்பாவின் பஸ்ஸில், கண்டக்டர் சீட்டில் உட்கார்ந்து விழிஞ்ஞத்துக்கும் திரும்பவும் போய் வருவாள் என்று அக்கா சொல்லியிருக்கிறாள். உள்ளங்கையால் தகரத்தில் ஓங்கி இரண்டு தட்டுத் தட்டினாள்.

பெல் கெட்டுப்போன நாட்களில் கண்டக்டர்கள் அப்படித்தான் தட்டுவார்கள். அத்திம்பேரின் கால் தானாகக் கிளட்சை விட்டது. முக்கால் மணி நேரம் முடிகிற நொடியில் கோட்டைத் தாண்டினோம். நேரத்தில் முதலிடம் எங்களுக்குத்தான். அனுமதியில்லாத பயணியை ஏற்றியதற்காகப் பரிசு இல்லை என்று எழுதிவிட்டார்கள். மேல்முறையீடு எழுதட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், கோட்டைத் தாண்டியாச்சு என்றார். சக்கைக்காரரும் தம்பியும் வந்து சக்கையை வாங்கிக்கொண்டு போனார்கள்.

மகள் ஒப்புக்கொண்ட பேச்சை மாற்றவில்லை. அடுப்புக்குத் தானாக அணையும் குமிழ் ஒன்று வாங்கிப் பொருத்தினாள், தினம் இரண்டு வேளை போய்ப் பார்க்க வேண்டும் என்று என்னிடம் சத்தியம் வாங்கினாள், மறுநாள் காலை கிளம்பினாள். தம்பானூர் ஸ்டேஷனுக்குப் போக ஆட்டோ வந்தது. பெட்டியை ஏற்றி உட்கார்ந்தாள். அத்திம்பேர் ஆட்டோவின் கூரையில் கையை வைத்துக்கொண்டு நின்றார். டிரைவர் திரும்பிப் பார்த்தார். அவள் முன்னால் பார்த்தபடி இருந்தாள்.

"தட்டுங்கோ, டிரெயினுக்கு நேரமாறது," என்றேன்.

அவர் கையை எடுக்கவும் இல்லை, தட்டவும் இல்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு நான்தான் இரண்டு தட்டுத் தட்டினேன்.